மதாம் லெயோனியின் சிப்பித் தட்டு

புதுச்சேரியில் பழந்தட்டு சேகரிக்கும் பெருமக்கள் நால்வருக்கும் ஆழ்ந்த துயரத்துடன் அறிவித்துக்கொள்வது என்னவென்றால், சிப்பிகளை வைக்க ஆறு குழிகளும், நடுவே எலுமிச்சைச் சாற்றுக்கென ஏழாவது குழியும் கொண்ட, நூற்றிருபது வயதுப் பிரெஞ்சு மஜோலிகா பீங்கான் தட்டு ஒன்று, மயில்கழுத்து நிறம் மினுங்க, பழைய போர்வையில் சுற்றப்பட்டு, இன்று காலை என் போட்டியாளன் ஆதிமூலத்தின் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டது, எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன், அந்த ஸ்கூட்டர் மூன்று வருடமாகவே என்னைக் கடந்து போய்க்கொண்டிருப்பது போலவும் இருக்கிறது, ஏனென்றால் மூன்று வருடமாக ஞாயிறுதோறும் மதாம் லெயோனியின் கூடத்தில் உட்கார்ந்து, தலைக்கு மேலே சுவரில் தொங்கும் அதைப் பார்க்காதது போலப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான், எங்கள் கூட்டத்துக்கு ஒரே விதி, வேண்டிய பொருளைப் புகழாதே, புகழ்ந்தால் உடையவருக்குக் கொடுக்கக் கை வராது, ஆகவே முதல் நாள் நாற்காலியைப் பார்க்கிறேன், கடிகாரத்தைப் பார்க்கிறேன், கடைசியில் போகிற போக்கில், இது என்னா மதாம், முட்டை வைக்கிற தட்டா என்கிறேன், சிப்பி வைக்கிறது தம்பி, எங்க மாமியார் சைகோன்லேர்ந்து கப்பல்ல கொண்டாந்தது என்கிறாள், அவளுக்கு அப்போது எழுபத்தெட்டு, அப்படியா, பாசி புடிச்ச மாதிரி ஒரு கலரு என்கிறேன், அடுத்த வாரம் மெருகில் விரிசல், அதற்கடுத்த வாரம் ஓரத்தில் மூளி, இந்தக் குப்பைய நீயே எடுத்துட்டுப் போப்பா என்று அவள் சொல்லப்போகும் அந்த ஒரு ஞாயிற்றுக்காக அவளுடைய முழங்கால் வலியைக் கேட்டேன், பிரான்ஸில் லியோன் நகரில் இருக்கும் மகனின் விவாகரத்தைக் கேட்டேன், பல்பு மாற்றினேன், கண் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப் போனேன்.

ஆதிமூலமோ முட்டைகூடத் தொடாதவன், கண்ணாடி அலமாரியில் டியூப்லைட் போட்டுப் பதினோரு சிப்பித் தட்டுகளை அடுக்கி, நாகரிகத்தின் சிகரம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொற்பொழிவாற்றுகிறவன், பொங்கலன்று அவற்றிலொன்றில் ஆறு வகைத் துவையல் வைத்து எனக்கே பரிமாறினான், எப்டி சார் நம்ம கலெக்‌ஷன் என்றான், பிரமாதம் என்றேன், துவையலைச் சொன்னேன், அன்றிலிருந்து கனவில் நானே ஓடில்லாத சிப்பியாக ஒரு குழியில் ஈரமாகக் கிடக்கிறேன், அவன் மேலே நின்று எலுமிச்சை பிழிகிறான், எரிகிறது, விழித்த பிறகும் எரிகிறது, இதோ இப்போது அவள் வீட்டுப் படியேறும்போதும் எரிகிறது, அடுத்த மாதம் மதாம் மகனோடு போய்ச் சேர்ந்துகொள்கிறாள், சாமான்களை ஒழிக்கிறாள், ஆதிமூலம் இன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளே வந்தானாம், தட்டுக்கு நேர் கீழே நின்று மார்பில் கை வைத்து, மதாம், என்னா அழகு இது, இதப் பாக்காம இத்தன வருஷம் இருந்துட்டேனே என்றானாம், விதி தெரியாத மடையன், எனக்கு அழுகையே வந்துருச்சு தம்பி, சும்மாவே குடுத்துட்டேன் என்கிறாள்.

சும்மாவா மதாம் என்கிறேன், என் குரலில் ஏழு குழி விழுகிறது. நீ அதத் திட்டறப்பல்லாம் கஷ்டமாத்தான் இருந்துச்சு என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறாள், ஆனா ஒண்ணு தம்பி, இந்த வீட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தனும் எது மேலயாவது கண்ணு வெச்சுத்தான் வர்றான், எதுவும் வேணாம்னு வந்தவன் நீ ஒருத்தன்தான், மவன்கிட்டயும் போன்ல சொன்னேன், அங்க எனக்கு ஒரு புள்ள இருக்கான், இங்கயும் ஒரு புள்ள இருக்கான்னு. அவள் தலைக்கு மேல், தட்டு தொங்கிய இடத்தில், சுவரில் வெயில் படாத வெள்ளை வட்டம், குழியில்லாமல், ஒரு விரிசலும் மூளியும் சொல்ல முடியாதபடி சுத்தமாக இருக்கிறது, அடுத்த ஞாயிறும் வருவல்ல என்று கேட்கிறாள், வருவேன் மதாம் என்கிறேன்.

நான் தட்டுக்காகத்தான் வந்தேன்.