வாளித் தண்ணீர் பதினாறு டிகிரி

பயணிகள் படகுத்துறையில் வானிலை சொல்வது என் வேலை. போன வாரம் மூடுபனி வரும் என்று சொல்லிப் படகை நிறுத்தினேன். வானமோ கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது. அன்றிலிருந்து நான் 'மூடுபனி மகாராணி'. பெயர் வைத்தவர் வேறு யாருமில்லை, படகின் கேப்டனான என் அக்கா புருஷன்தான்.

தப்பு என்னுடையதுதான். கடல் தண்ணீரைக் கேன்வாஸ் வாளியில் மொண்டதும் வெப்பமானியை விட்டுப் பார்த்துவிட வேண்டும். நான் அக்காவோடு போனில் வம்பளந்துவிட்டுக் கால்மணி நேரம் கழித்துப் பார்த்தேன். காற்று பட்டுப் பட்டு வாளித் தண்ணீர் அதற்குள் ஆறிப்போயிருந்தது. கடல் அவ்வளவு குளிரவே இல்லை.

இன்று காலை போனை மேசையிலேயே போட்டுவிட்டு இறங்கினேன். மொண்ட கையோடு பார்த்தேன்: பதினாறு டிகிரி. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை மொண்டேன். பதினாறேதான். தெற்கிலிருந்து வந்ததோ வெதுவெதுப்பான ஈரக்காற்று. பத்தொன்பதுக்குக் குளிர்ந்தாலே அதன் ஈரம் துளித்துளியாக வெளியே வந்துவிடும். இவ்வளவு குளிர்ந்த கடலை உரசிக்கொண்டு வந்தால் கேட்கவே வேண்டாம்.

"பத்தரைப் படகு போகக் கூடாது," என்றேன்.

மேலாளர் ஜன்னலைக் காட்டினார். வெயில் சுள்ளென்று அடித்தது. வரிசையில் இருநூறு பேர், முக்கால்வாசிப் பேர் கறுப்புக் கண்ணாடியோடு.

"இந்தத் தடவையும் சொதப்பினா, நாளையிலேர்ந்து நீங்க டிக்கெட் கிழிக்கத்தான் போகணும். வானிலைக்கு வேற ஆளப் பாத்துக்கறேன்."

"பாத்துக்கோங்க. இன்னைக்குப் படகு போகாது."

மாமா தொப்பியைத் தூக்கிக் காட்டினார். "என் வழுக்கையில முட்டை பொரிக்கலாம், மச்சினி. இதுல மூடுபனியா?"

"காத்து சூடா இருக்கறதுதான் மாமா வம்பே. கடல் சில்லுனு கெடக்கு."

பத்தரை ஆனது. ஒன்றுமில்லை. பத்தே முக்கால். ஒன்றுமில்லை. வரிசையில் யாரோ என்னைக் காட்டிச் சிரித்தார்கள். நான் ஜன்னலை விட்டு நகராமல் கடலையே பார்த்தேன்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தொலைவில் ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. கோடு தடித்தது. கலங்கரை விளக்கம் மறைந்தது, மிதவைகள் மறைந்தன, கடைசியில் துறையின் நுனியையே காணோம். கறுப்புக் கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. எங்கள் படகு அந்நேரம் போய்க்கொண்டிருக்க வேண்டிய தடத்திலிருந்து ஏதோ ஒரு சரக்குக் கப்பல் சங்கு ஊதியது.

வெட்கமே இல்லாமல் கைதட்டினேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மாமா தட்டுத்தடுமாறிப் படியேறி வந்தார். முகம் வெளுத்திருந்தது. "அந்தச் சங்கு வந்த எடத்துலதான் இப்ப நான் இருந்திருப்பேன்."

மேலாளர் தொண்டையைச் செருமினார். "அப்ப எப்போ கெளம்பலாம், கேப்டன்?"

"என்னை ஏன் கேக்கறீங்க? அவ சொல்லாம நான் கயித்தை அவுக்க மாட்டேன்."

இருவரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் அவசரப்படவில்லை.

"ரெண்டு பேரும் உக்காருங்க," என்றேன். "காத்து திரும்பட்டும். சொல்றேன்."