கையொப்பம் காணப்படவில்லை

மூன்றாவது முறையும் விண்ணப்பம் திரும்பிவிட்டது. உறை முன்னவற்றைவிட மெலிசு. முதல் இரண்டு கடிதங்களிலும் "மதிப்பிற்குரியவரே" என்றெல்லாம் தொடங்கி மூன்று பத்தி இருந்தது. இந்த முறை அவர்களுக்கே அலுத்துவிட்டது போலும். ஒரே வரி. மகள் படித்துச் சொன்னாள்.

"கையொப்பம் காணப்படவில்லை. அவ்ளோதாம்ப்பா."

ஆபீசர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அனுப்புவதற்கு முன் மகள் படிவத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். கையொப்பம் இருந்தது. கட்டத்தை நிறைத்து, பக்கத்துக் கட்டத்திலும் கால் நீட்டிக்கொண்டு, பச்சைப்பசேலென்று இருந்தது.

நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவியும் எட்டிப் பார்த்தாள். "இதுக்குமேல பெருசா போடணும்னா சுவத்துலதாங்க போடணும்."

அவரை ஆபீசர் என்று அழைக்கத் தொடங்கியது மருமகன். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். மாமனார் அதை மரியாதையாக வாங்கிக்கொண்டார். சில மாதங்களில் கிண்டல் செய்பவனுக்கே அலுத்துப்போய், பெயர் மட்டும் நின்றுவிட்டது.

விஷயம் வசிப்பு அட்டை. ஓய்வு பெற்றபின் மகள் வீட்டோடு வந்துவிட்ட இருவரும் வருடாவருடம் அதைப் புதுப்பிக்க வேண்டும். மனைவியுடையது எப்போதோ வந்துவிட்டது. இடுப்பு மூட்டு மாற்றிய அறுவைக்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தபடியே, அங்கே இலவசமாகக் கொடுத்த பேனாவால், தமிழில், எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அவள் கையெழுத்துப் போட்டாள். பேனாவின் உடம்பில் மூட்டுவலித் தைல விளம்பரம். போட்ட வேகத்தில் அட்டை வந்தது.

ஆபீசரின் பழைய அட்டை இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் விண்ணப்பம் ஏற்கப்படாவிட்டால் நாட்டைவிட்டுப் போய், வெளியிலிருந்து திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். மனைவி கூடப் போக முடியாது. இப்போதைக்கு விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்த வீட்டை விற்று மகளின் இந்த வீட்டில் போட்டாயிற்று. மிச்சம் இருப்பது தம்பி வீடு. போன் செய்தபோது, "தாராளமா வாங்கண்ணா, எவ்வளவு நாள் வேணும்னாலும் இருங்க," என்றான் தம்பி. அவன் பின்னால் ஒரு பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

"எனக்குத் தெரியும் இது," என்றார் ஆபீசர். "இருக்கிறத இல்லைன்னு ஒருத்தன் சொன்னா, வேற எதையோ எதிர்பார்க்கிறான்னு அர்த்தம்."

எந்தப் பக்கத்திலிருந்து தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

"அப்பா, அந்த ஆபீசுக்கு நேர்ல வந்து இப்படிப் பேசிடாதீங்க. நான் இந்த ஊர்ல வேலைக்குப் போகணும்," என்றாள் மகள்.

பச்சை மையின் கதை இது. ஆபீசர் வேலை பார்த்தது எடையளவு இலாகாவில். கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் வேலை. அந்த அரசாங்கத்தில் நீலமும் கறுப்பும் மற்றவர்களுக்கு. பச்சையில் கையெழுத்துப் போட ஒரு படி மேலே போயிருக்க வேண்டும். அந்தப் படிக்கு நேர் கீழே அவர் தன் வேலைக்காலம் முழுவதையும் கழித்தார். தனக்குக் கீழே சேர்ந்தவர்கள் தாண்டிப் போவதைப் பார்த்தார். பதவி உயர்வு உத்தரவு வந்தபோது ஓய்வுக்கு ஏழே மாதம் இருந்தது. அன்று மாலையே ஒரு டஜன் பச்சை மைப் புட்டிகள் வாங்கினார். "மொத்த வியாபாரமா சார்?" என்று கடைக்காரர் கேட்டாராம்.

ஏழு மாதத்தில் ஒரு புட்டிகூட முழுதாகத் தீரவில்லை. அரசாங்கம் அவரை விட்டுவிட்டது, மை விடவில்லை. பேரனின் பள்ளி அறிக்கை, வீட்டுக்கு வரும் பார்சல், மனைவியின் அறுவைக்கான சம்மதப் பத்திரம் எல்லாவற்றிலும் பச்சையே ஓடியது. டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. மயக்க மருந்துக்கு நிற வித்தியாசம் கிடையாது. கடல் தாண்டி வரும்போது துண்டில் சுற்றிய புட்டியொன்று கசிந்து மனைவியின் பட்டுப்புடவையில் இறங்கியது. அவள் அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மடித்துக் கட்டப் பழகிக்கொண்டாள். அவருடைய பதவியில் அவளுக்குக் கிடைத்த பங்கு அதுதான்.

படிவத்தின் முதல் பக்கத்தில் வழிமுறைகள் ஆங்கிலத்திலும் அச்சாகியிருந்தன. ஆபீசர் அவற்றைப் படிக்கவில்லை. வழிமுறைகள் பொதுமக்களுக்காக எழுதப்படுபவை. அவர் அதுவரை பொதுமக்களாக இருந்ததில்லை.

மாதக் கடைசி நெருங்கியது. மகள் அரைநாள் விடுப்புப் போட்டு, நேரில் போக நேரம் குறித்து வாங்கினாள். கிளம்புகிற காலையில் ஆபீசர் கோட்டு மாட்டிக்கொண்டு, பச்சைப் பேனாவை நிரப்பிப் பையில் குத்திக்கொண்டார். அறை மூலையில் பெட்டி பாதி அடுக்கியிருந்தது. சட்டைகளை அவரே அடுக்கியிருந்ததால் பெட்டி மூடவில்லை.

"மாத்திரையைத் தனிப் பையில வெச்சிருக்கேன்," என்றாள் மனைவி. "காலைக்கு வெள்ளை, ராத்திரிக்கு மஞ்சள். தம்பி பொண்டாட்டிகிட்ட விட்டுடாதீங்க, அவ எல்லாத்தையும் ஒண்ணாக் குடுத்துடுவா."

"நான் இன்னும் போகவே இல்ல."

"போனா யாரு சொல்லுவா? நீங்க அங்க, நான் இங்க. அட்டையைப் பார்த்துதான் நீங்க எனக்கு யாருன்னு இவங்க முடிவு பண்ணுவாங்க போல." அவள் வாக்கரைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் மறுபடி உட்கார்ந்தாள். "சண்டை மட்டும் போடாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அலுவலகத்தில் தரையோடு திருகப்பட்ட நாற்காலிகள். எல்லோர் கையிலும் ஒரே மாதிரிச் சீட்டு. ஆபீசர் முதலில் உட்கார மறுத்து நின்றார். பிறகு முழங்கால் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்தார். எண் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு மகள் வயது இருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்து, காலையிலேயே சாயங்காலம் ஆகிவிட்டவள் போல இருந்தாள்.

ஆபீசர் தொண்டையைச் செருமினார். "ஒரு பொறுப்பான பதவியில இருந்து ஓய்வு பெற்றவன்கிற முறையில, நிர்வாகத்தோட நடைமுறைகளை நன்கு உணர்ந்தவன்கிற முறையில, என் கையொப்பம் காணப்படவில்லைன்னு மூணு தடவை எழுதினதை நான் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்னு சொல்லு."

மகள் கண்ணாடிப் பக்கம் திரும்பி நான்கு சொல் சொன்னாள்.

"என்ன சொன்னே?"

"அப்பாவுக்குப் புரியலைங்கன்னு சொன்னேன்."

அந்தப் பெண் விசைப்பலகையைத் தட்டினாள். திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

திரையில் மூன்றாவது விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் இருந்தன. அவை மகள் கறுப்பு மையில் நிரப்பியவை. கையொப்பக் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் கட்டமும் இல்லை, கையொப்பமும் இல்லை, வெறும் வெள்ளை. அந்த வெள்ளைக்குக் கீழே, ஊதா நிறத்தில், ஊரில் செய்வித்து எடுத்து வந்திருந்த ரப்பர் முத்திரை மட்டும் சுத்தமாக விழுந்திருந்தது: உதவி இயக்குநர், ஓய்வு. இரண்டு முறை திருப்பி அனுப்பிய கோபத்தில் மூன்றாம் முறை குத்தியது. பதவி இருந்தது, ஆள் இல்லை.

ஆபீசர் கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்தார். அவர் மூச்சில் கண்ணாடி மங்கியது.

அந்தப் பெண் ஏதோ சொன்னாள். ஒரு நாளைக்குப் பல பேருக்குச் சொல்லிச் சலித்த குரல். மகள் மெதுவாகச் சொன்னாள்.

"படிவத்துல கோடு, கட்டம் எல்லாம் பச்சையில அச்சடிச்சிருக்காங்களாம்ப்பா. மெஷினுக்கு அதெல்லாம் வேண்டாம், நாம எழுதினது மட்டும் போதும். அதனால பச்சையை விட்டுட்டுப் படிக்கிற மாதிரி வெச்சிருக்காங்க. உங்க கையெழுத்தையும் கோடுன்னு நினைச்சு விட்டுடுச்சு."

"தாள்ல இருக்கே. தாளை எடுத்துப் பார்த்தா என்ன?"

"தாளை யாரும் பார்க்கிறதில்லையாம். மெஷின் பார்த்ததும் கிழிச்சுடுவாங்களாம்."

அவர் போட்ட மூன்று கையெழுத்துகளும், ஒன்றைவிட ஒன்று பெரிதாக, எங்கோ தூளாகிக் கிடந்தன. அந்தப் பெண் புதுப் படிவத்தின் கடைசிப் பக்கத்தைக் கண்ணாடிக்குக் கீழிருந்த இடைவெளியில் தள்ளினாள். மேடையில் சுருள் கம்பியால் கட்டியிருந்த நீலப் பேனாவைக் காட்டினாள்.

"என்கிட்ட பேனா இருக்கு," என்றார் ஆபீசர். கை தானாகப் பைக்குப் போயிற்று.

"அப்பா."

"பேனா இருக்குன்னுதான் சொன்னேன்."

பின்னால் யாரோ கொட்டாவி விட்டார்கள். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்ததை மறைக்க, இழுத்துவிடப் புடவைத் தலைப்பு இல்லாததால் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். ஆபீசருக்கு வாக்கரைப் பிடித்து எழப் பார்த்து உட்கார்ந்தவளின் ஞாபகம் வந்தது. வெள்ளை காலைக்கு, மஞ்சள் ராத்திரிக்கு. மாற்றி நினைத்துக்கொண்டோமோ என்று ஒரு சந்தேகமும் வந்தது.

நீலப் பேனாவை எடுத்தார். கம்பி குட்டை. நிமிர்ந்து போட முடியவில்லை. இடுப்பை வளைத்து, மேடைக்கு அருகே குனிந்து போட்டார். அவர் கையெழுத்தின் கடைசியில் ஒரு நீண்ட வால் உண்டு. முன்பு அந்த வாலை இழுத்து முடிக்கும்போது எதிரே நிற்கும் கடைக்காரர்களின் தலை தானாக அசையும். பாதி வாலிலேயே கம்பி பிடித்து இழுத்துவிட்டது.

"போதுமாம்ப்பா," என்றாள் மகள்.

வீடு வந்ததும் ஆபீசர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மனைவியிடம், "மஞ்சள் எப்போன்னு சொன்னே?" என்று கேட்டார்.

"ராத்திரிக்கு. ஏன், போகணுமா?"

"போக வேண்டாம்."

அவள் கொஞ்ச நேரம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "அந்தப் பெட்டியை முதல்ல எடுங்க, வாக்கர் இடிக்குது," என்றாள்.

அட்டை வந்தது. கையொப்பம் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கி, கறுப்பாக அச்சாகியிருந்தது. மனைவி தன் அட்டையை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். அவளுடையதும் அதே கறுப்பு.

"வால் இல்ல," என்றார்.

"வால் எதுக்கு இப்போ."

மகள் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மாறியது. "அப்பா, வருஷத்தை முதல் விண்ணப்பம் குடுத்த தேதியிலேர்ந்து எண்ணியிருக்காங்க. படிவம் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்த மாசமெல்லாம் இதுலதான் கழியுது. அடுத்ததுக்கு இப்பவே போட்டாதான் சரியா இருக்கும்."

பெட்டியிலிருந்து எடுத்த சட்டைகள் இன்னும் கட்டிலில் குவியலாகத்தான் கிடந்தன. ஆபீசர் அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். மகள் புதுப் படிவத்தை அச்சிட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

"உன் பேனா எங்க?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எந்தப் பேனா?"

"அதான், அந்த மூட்டுவலிப் பேனா."

அவள் மருந்துப் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். அதற்கு மூடி இல்லை, தலையில் அழுத்த வேண்டும். அவர் மூடியைத் தேடிக் கொஞ்ச நேரம் திருகிப் பார்த்தார். அவள் வாங்கி அழுத்திக் கொடுத்தாள். ஆபீசர் முதல் பக்கத்தை எடுத்து, முதல் வரியிலிருந்து வழிமுறைகளைப் படித்தார். நீலம் அல்லது கறுப்பு மையில் மட்டும் எழுதவும். அதற்குக் கீழே கோடுகூடப் போட்டிருந்தார்கள். கடைசிவரை படித்து முடித்துத் தாளைக் கீழே வைத்தார்.

"டிராஃப்ட் நல்லாத்தான் இருக்கு," என்றார், யாரையோ மன்னித்து அனுப்புகிறவர் போல.

"சரி, கையெழுத்தைப் போடுங்க," என்றாள் மனைவி. "காபி ஆறிட்டிருக்கு."