வெள்ளி பேட்ஜ் குத்திய நாள்

"இன்னைக்குப் போயி கடலப் பத்திப் பேசுறியே, உனக்கே நல்லாருக்கா?"

"நீங்கதானே சொன்னீங்க? இருபத்தஞ்சு வருஷ பேட்ஜ வாங்கிட்டா, அடுத்த வருஷம் கடல்னு."

"இப்ப யாரு இல்லேன்னா? மெதுவாப் பேசு, நோட்புர்கா வர்றா."

விடுதிக்காரி பெயரைக் கேட்டதும் கெர்லிண்டே வாயை மூடிக்கொண்டாள். எக்கார்ட் டையைச் சரிசெய்தார். இருபத்தைந்து வருஷமாக ஒவ்வொரு ஆகஸ்டும் கணவனும் மனைவியும் ஜெர்மனியின் கஸ்ஸல் நகரிலிருந்து இதே ஆஸ்திரிய மலையூருக்குத்தான் வருகிறார்கள். நோட்புர்கா விடுதியில் அதே பால்கனி அறை. முதல் நாள் அருவி, மறுநாள் கேபிள் கார், மழை பெய்தால் மரப்பொம்மை மியூசியம், சாயங்காலமானால் இந்தப் பூங்கா. அருவிக்குப் போகும் வழியில் எந்தப் படி வழுக்கும் என்று கெர்லிண்டேவுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரியும். ஆனால் அறுபது வயது தாண்டியும் அவள் கடலில் கால் நனைத்ததில்லை.

விடாமல் வரும் விருந்தாளிகளுக்குப் பூங்கா மண்டபத்தில் ஊரே கூடி மரியாதை செய்வது அங்கே வழக்கம். மேயர் இருவருக்கும் இருபத்தைந்து வருஷ வெள்ளி பேட்ஜைக் குத்தி, புகைபோட்ட பன்றித் தொடை ஒன்றையும் கொடுத்தார். பிறகு நோட்புர்கா மைக்கைப் பிடித்தாள்.

"இவங்க விருந்தாளியா? எங்க வீட்டு மனுஷங்க! குளத்தோரம் புது பெஞ்சு போட்டு ரெண்டு பேர் பேரையும் செதுக்கியிருக்கோம். அடுத்த வருஷம் ரூமுக்குக் காசே வேணாம்!"

எக்கார்ட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "உசிரு இருக்கறவரைக்கும் வருவோம்!" என்றார்.

கெர்லிண்டே சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். அதற்குள் மைக் அவள் கைக்கு வந்தது. இப்போது விட்டால் எப்போதுமே இல்லை.

"அடுத்த வருஷம் நான் கடலுக்குப் போறேன்."

பூங்காவே வெடித்துச் சிரித்தது.

"ஏம்மா, எங்க குளம் பத்தலையா?" என்றார் மேயர்.

நோட்புர்கா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அடி கேலிக்காரி! இந்தக் குறும்ப இத்தன வருஷமா எங்க ஒளிச்சு வெச்சிருந்த?"

"நிஜமாத்தான் சொல்றேன்" என்று கெர்லிண்டே சொன்னது நோட்புர்காவின் தோளிலேயே அமுங்கிப்போனது. பேண்டு வாத்தியம் முழங்க ஆரம்பித்துவிட்டது. எக்கார்ட் மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்து தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெஞ்சில் உட்காரவைத்துப் படம் எடுத்தார்கள். "இன்னும் நெருங்கி உக்காருங்க" என்றார்கள். அவளும் நெருங்கி உட்கார்ந்தாள்.

நாலு பேர் முன்னால் மனதில் இருப்பதைச் சொல்லி, அது வேடிக்கையாகப் போய்விட்டால், அதையே மறுபடி எப்படிச் சொல்வது? உங்களுக்கு இப்படி நடந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து கீழே எழுதுங்கள்.