அலைவேணியின் திங்கட்கிழமை

ரூபேந்திரன் கெட்டிக்காரன்தான், இல்லேன்னு சொல்லல. சத்தத்தை வச்சே எந்த ஏர்கானுக்கு என்ன கோளாறுன்னு சொல்லிடுவான். ஆனா ஒரு பொண்ணு நாலு மாசமா எதிர்ல உட்கார்ந்து சொன்னது மட்டும் அவன் மண்டையில ஏறல.

சனிக்கிழமை மத்தியானம்னா ஜொகூர் பக்கம் ஸ்கூடாயில, அவன் கூட்டாளி ஜைத் வீட்டுச் சாப்பாட்டுக்கடை மாடியில, மூணு பேரும் கூடிடுவாங்க. பகடை உருட்டிக் கதை வளர்க்கிற விளையாட்டு அது. ஜைத் அதுல திருடன், ரூபேந்திரன் படகுக்காரன். லோஷினிதான் கதை சொல்றவ. ராஜா, பேய், மழை எல்லாமே அவ வாய்லதான். நாலு மாசத்துக்கு முன்னால அலைவேணின்னு ஒரு கடல் தெய்வத்தைக் கதைக்குள்ள இறக்கினா. அந்தத் தெய்வம், உலகத்துல வேற ஆளே கிடைக்காத மாதிரி, இந்தப் படகுக்காரன் மேல ஆசைப்பட்டுடுச்சு.

"நீ கிழவனாவே, செத்துப்போவே. நான் இப்படியே இருப்பேன். தெரிஞ்சேதான் உன் மேல பிரியம் வச்சேன்"னு லோஷினி அலைவேணியா சொல்லுவா. பகடையைப் பார்க்க மாட்டா, இவன் கண்ணைத்தான் பார்ப்பா. இவனுக்குக் குழப்பமாயிடும். பேசுறது தெய்வமா, லோஷினியா?

இங்கதான் வந்தது வினை. இவன் அம்மா காளியம்மாவுக்குத் திருவிழாவுல அருள் வரும். ஒரு தடவை அருள்ல அப்பா சட்டையைப் பிடிச்சு, "குடியை விடுடா"ன்னு உலுக்கிச்சு அம்மா. சாமி மலையேறினதும் மூஞ்சியைக் கழுவிக்கிட்டு அதே அப்பாவுக்குச் சோறு போட்டுச்சு. சாமி சொன்னதைப் பத்தி, ஆடினவங்ககிட்ட அப்புறம் ஒரு வார்த்தை கேக்கக்கூடாது. அந்த வீட்டுச் சட்டம் அது.

அதே சட்டத்தை இவன் இங்கயும் கொண்டாந்து வச்சான். லோஷினி தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போறவ. விளையாட்டு முடிஞ்சா தே தாரிக் டீ கிளாஸை அவ பக்கம் நகர்த்திட்டு, "இந்த வாரம் பாலத்துல ஜாமா?"ன்னு கேப்பான். அவ்வளவுதான். மனசுல ஆசை இல்லாம இல்ல, பாவம், கொள்ளை ஆசை. சாமி பேசினதை வச்சுக்கிட்டு அவளைக் கேட்டா அது நியாயமான்னு பயம்.

போன சனிக்கிழமை அலைவேணி குரல் கம்மிப்போச்சு.

"வர்ற திங்கக்கிழமை நான் கடல் தாண்டிக் குடி போறேன். இருன்னு சொல்ல இங்க யாராவது இருக்காங்களா?"

ரூபேந்திரன் கை தானா கும்பிட்டுடுச்சு. "தாயே, உங்க சித்தம்"னான்.

"அலமாக்!"னு ஜைத் தலையில அடிச்சுக்கிட்டான். லோஷினி பகடையெல்லாம் பையில அள்ளிப் போட்டுக்கிட்டு படியிறங்கிட்டா.

"என்னடா, சாமிகிட்ட அப்படித்தானே பேசணும்?"

"டேய் மடையா, அவ கதையில ஏதுடா திங்கக்கிழமை? இத்தனை மாசத்துல ஒரு நாளுக்காவது பேர் சொல்லியிருக்காளா?"

அப்பத்தான் உறைச்சது. விழுந்தடிச்சு ஓடினான். செருப்பு ஒண்ணு மாடியிலேயே தங்கிடுச்சு. நல்லவேளை, ரோடு முழுக்க வண்டி. லோஷினி கார் கடை வாசல்லயே மாட்டிக்கிட்டு நின்னுச்சு. கண்ணாடியைத் தட்டினான். இறக்கினா. கண்ணு சிவந்திருந்துச்சு.

"லோஷினி, அது... நீயா சொன்னே?"

"பின்ன யாரு, உங்க கோயில் சாமியா? நாலு மாசமா நான் உன்கிட்ட பேசினேன். நீ சாமிகிட்ட பேசிக்கிட்டு இருந்தே."

"இரு. போகாதே."

அவ சிரிச்சா. சிரிப்பு பாதியிலேயே உடைஞ்சு போச்சு.

"சாமியா இருந்தா இருந்திருப்பேன்லா, ரூபன். கேட்டதும் வரம் குடுக்கும் அது. நான் மனுஷி. புது வேலை, ரூம், எல்லாத்துக்கும் கையெழுத்துப் போட்டாச்சு." முன்னால வண்டிங்க நகர்ந்துச்சு. "எப்பவும் நானே இறங்கி வரணுமா? ஒரு தடவை நீ வாயேன்."

கார் போயிடுச்சு. ரூபேந்திரன் ஒத்தைச் செருப்போட நின்னான். சந்தோஷப்படணுமா, அழணுமா, ஒண்ணும் புரியல. ஜொகூர்ல பொறந்து, கண்ணெதிரே சிங்கப்பூரை வச்சுக்கிட்டு, இருபத்தேழு வயசு வரைக்கும் பாஸ்போர்ட்டே எடுக்காத ஆளு அவன்.

திங்கக்கிழமை காலையில அவ பாலம் தாண்டுற நேரத்துக்கு இவன் பாஸ்போர்ட் ஆபீஸ்ல இருந்தான். முன்னால நாப்பது பேர். யாரையும் கும்பிடல, நம்பர் சீட்டை வாங்கிக்கிட்டு உட்கார்ந்தான்.