கசப்பெடுத்த மருந்து

“கசக்குதெண்டு துப்பினியளே என்ரை ராசா... கசப்பெடுத்துத் தந்தனே, கடைசி மிடறும் குடிச்சியளே...”

தாய் குணலட்சுமியின் ஒப்பாரி கேட்டு, தகப்பனின் தலைமாட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மீனாம்பிகையின் கை நின்றது.

இல்லையென்றிருந்த மலேரியா வன்னியில் மறுபடி கிளம்பிய அறுபத்தெட்டாம் வருடம். பரந்தன் வயலிலிருந்து காய்ச்சலோடு திரும்பிய தகப்பன் இராசநாயகத்துக்கு டிஸ்பென்சரி அப்போத்திக்கரி அடைக்கலநாதன் பத்துக் குளோரோகுயின் குளிசை கொடுத்தார். பத்தும் முடிந்தும் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. “பழுதான குளிசையைத் தந்து ஆளைச் சாகடிச்சுப்போட்டார்” என்று விடியத் தொடங்கி வந்தவர்களுக்கெல்லாம் சொன்னவள் மீனாம்பிகைதான். இரசாயனம் படிப்பிக்கிற ரீச்சர் சொன்னால் யார் மறுப்பது?

தண்ணீர் குடிக்க வைக்கிற சாட்டில் தாயைக் குசினிக்குள் கூட்டிப்போனாள்.

“அம்மா, கசப்பை எப்பிடி எடுத்தனீங்கள்?”

“அதென்ன பெரிய வித்தையே? குளிசையைத் தண்ணியிலை கரைச்சு, வெத்திலைச் சுண்ணாம்பு கொஞ்சம் கலக்கி வைச்சால் வெள்ளையா அடியிலை இறங்கும். மேல் தண்ணியை வாயிலை வைக்கலாம். நீ பள்ளிக்கூடம் போயிடுவாய், அந்த மனிசனோடை மாரடிச்சது நான்தானே!”

“அடியிலை இறங்கினது?”

“மண்டியே? வருத்தக்காறனுக்கு அதைக் குடுக்கிறதே? வாழையடியிலை ஊத்தினனான்.”

குயினோலின் வகை மருந்து உப்பாக இருக்கும்வரை நீரில் கரையும், கசக்கும். சுண்ணாம்பு போன்ற காரம் பட்டால் மருந்தே கரையாத வீழ்படிவாக அடியில் இறங்கிவிடும். வகுப்பில் எத்தனை தரம் கரும்பலகையில் எழுதியிருப்பாள்! வீட்டில் ஒருநாளும் வாய் திறந்து கதைத்ததில்லை.

“ஏன் பிள்ளை கேக்கிறாய்?”

“சும்மா.”

“ஒரு சொட்டு மிச்சம் விடேல்லை, பாவம். நீ சொன்னதுதான் சரி. உந்த அப்போத்திக்கரியின்ரை குளிசையிலை ஒரு இழவும் இல்லை.”

வெளியே பேச்சு அடங்கியது. அடைக்கலநாதன் சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டுப் படலையடியில் நின்றார். பந்தலுக்குள் இருந்த ஆண்கள் யாரும் விலகி இடம் விடவில்லை.

“வந்திட்டார். இன்னும் ஆருக்குக் குளிசை குடுக்கவோ?” என்றது ஒரு குரல்.

மீனாம்பிகை உள்ளேயிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு ஆண்களுக்கு நடுவால் போனாள். அவருக்கு முன்னால் வைத்தாள்.

“இருங்கோ, ஐயா.”

அவர் இருக்கவில்லை. கதிரையின் முதுகைப் பிடித்தபடி நின்றார். அவளும் நின்றாள்.