அடியில் சொருகிய கட்டு

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் பதினாறு வருஷமாக விரிப்பு மடிக்கிறேன். என் வாய்க்கு அங்கே எல்லோருக்கும் பயம். ஆனால் யாராவது ஒரு காகிதத்தை நீட்டிவிட்டால் நான் பெட்டிப்பாம்பு. "கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்" என்று நழுவிவிடுவேன். என்னிடம் கண்ணாடியே கிடையாது.

நாற்பத்தாறு வயதில் நூலகத்துப் பின்னறை வகுப்பில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் என்னைவிடப் பத்து வயது சின்னவள். பாடப்புத்தகமே வைக்க மாட்டாள். நாம் கதை சொல்ல வேண்டும், அவள் சொன்னதைச் சொன்னபடி எழுதித் தருவாள், அதை வைத்தே நாம் படிக்கப் பழக வேண்டும். கடைசியில் எல்லோர் கதையும் சேர்ந்து ஒரு புத்தகம். டாக்டர்களின் கோட்டுப் பைகளில் நான் கண்டெடுத்த சாமான்களைப் பற்றிச் சொன்னேன். மிட்டாய்க் காகிதம், ஒற்றைக் கம்மல், ஒரு கடிதம். கடிதத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது.

பிளம்பர் ஒருவர்தான் தன் கதையைத் தானே எழுதினார். யார் கேட்டாலும் காட்ட மாட்டார். "புஸ்தகத்துல பாத்துக்குங்க" என்பார். பெரிய இவர்!

ஒரு மாதத்தில் என் கதையைத் தடதடவென்று படித்தேன். பெருமையாக அண்ணனிடம் படித்துக் காட்டினால், "நீ சொன்னது உனக்கு மனப்பாடம். இதுக்குப் பேரு படிப்பா? கிளிப்பிள்ளை" என்றார். அவர் குடித்துக்கொண்டிருந்த காபியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டேன். ஆனாலும் அந்த வார்த்தை தைத்துவிட்டது. நிஜமாகவே எனக்குப் படிக்க வருகிறதா, வெறும் ஒப்பிப்புதானா? செய்தித்தாளை எடுத்துப் பார்த்திருக்கலாம். பயம். வெளியீட்டு விழாவோடு வகுப்புக்கு முழுக்கு என்று டீச்சரிடம் சொல்லிவிட்டேன்.

விழாவுக்கு முதல் நாள் பக்கங்களை நீள மேசையில் கட்டுக்கட்டாக வைத்து, சுற்றிச் சுற்றி நடந்து ஒவ்வொரு தாளாக எடுத்துச் சேர்த்தோம். மேசைக்கு நான் பொறுப்பு. பாதியில் ஜெராக்ஸ் மெஷினிலிருந்து சூடாக இன்னொரு கட்டு வந்தது. சலவைக்கூடத்தில் புதிதாக வெளுத்தது எப்போதும் அடியில் போகும், பழையதுதான் முதலில் எடுபடும். கை தன்பாட்டுக்கு அந்தக் கட்டை, குறைந்துபோயிருந்த என் இரண்டாம் பக்கத்துக்கு அடியில் சொருகிவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

மறுநாள் என் கதையைப் படிக்க, அடுக்கிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேடை ஏறினேன். முதல் வரிசையில் அண்ணன். முதல் பக்கம் தண்ணீர் பட்ட பாடு. திருப்பினேன். 'ஒற்றைக் கம்மல்' என்று வாய் தயாராக இருந்தது, தாளில் கம்மலைக் காணோம். இத்தனை பேர் பார்க்கிறார்கள், இறங்கி ஓடவா முடியும்? எழுத்துக் கூட்டினேன்.

"தங்கச்சி... வீட்டுக் குழாய்... ரெண்டு வருஷமா ஒழுகுது. நான்தான்... சரியா முடுக்கறதில்ல."

கூட்டம் சிரித்தது. நான் நிறுத்தவில்லை.

"மச்சானோட பேச்சுவார்த்தை இல்ல. குழாய் சரியாயிட்டா... அவளப் போய்ப் பாக்க... வேற சாக்கு இல்ல."

"ஐயையோ, அது என்னோடது!" பிளம்பர் எழுந்தே விட்டார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "அடப்பாவி அண்ணே! வாளி தூக்கித் தூக்கி என் இடுப்பே போச்சு! சாக்கு எதுக்கு, சும்மா வரக்கூடாதா?" சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் படித்திருக்கிறேன்.

இறங்கி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நல்லாயிரு தாயி. இந்த ஜென்மத்துக்கு மறக்க மாட்டேன்" என்றேன். எழுதி ஒளித்துவைத்த பிளம்பருக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

"அப்போ வகுப்புக்கு முழுக்குதானே?" என்றாள் டீச்சர்.

"யாரு சொன்னா? இன்னும் எட்டுப் பேர் கதை பாக்கி இருக்கு."

அண்ணன் புத்தகத்துக்குக் கையை நீட்டினார். "இது தப்பா சேத்தது. இரு, நல்லதா ஒண்ணு எடுத்துத் தரேன்" என்றேன்.

"வேண்டாம். நீ படிச்சது இதுதானே? இதையே குடு."