மூச்சுக்குழல் வளையம்

என் கணவர் என்ன படித்தார் என்று இப்போது யாராவது கேட்டால் நான் அந்த ஒரு நாளைத்தான் சொல்கிறேன். அவர் உயிரோடிருந்தபோது, மருந்தியல் ஆராய்ச்சி என்று சொன்னாலே, "மாப்பிள்ளை எப்ப மருந்துக்கடை வைக்கப்போறாரு?" என்பாள் என் சித்தி. எனக்குச் சிறுவயதிலிருந்தே இளைப்பு, மூச்சில் சீழ்க்கைச் சத்தம் வரும். அவர் என்னை விசில் என்றுதான் கூப்பிடுவார்.

இறுகிய மூச்சுக்குழலைத் தன் மருந்து தளர்த்தும் என்பது அவர் நம்பிக்கை. அவருடைய ஆராய்ச்சியை மேற்பார்த்த கைடு நம்பவில்லை. அன்று நிரூபிக்காவிட்டால் வேறு தலைப்புக்கு மாறவேண்டும். அதுவரை உழைத்ததெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். இரண்டு சீசாக்களில் ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் கரைசல். எது எதுவென்று கைடுக்கு மட்டும் தெரியும். சொட்டு விடுகிறவருக்குத் தெரியக்கூடாது. கூடப் படித்தவர்கள் ஊருக்குப் போயிருந்ததால் சொட்டு விட நான் போய் நின்றேன்.

வெதுவெதுப்பான உப்புநீர் நிறைந்த கண்ணாடிக் குழாயில், கினிப்பன்றியின் மூச்சுக்குழலில் வெட்டிய சிறு வளையம் இரண்டு கொக்கிகளுக்கிடையே தொங்கியது. அடியிலிருந்து வாயு குமிழியிட்டது. அந்தப் பிராணி எங்கே என்று கேட்டேன்.

"காலைலயே போயிடுச்சு. இந்த வளையத்துக்கு அது இன்னும் தெரியாது."

முதலில் இறுக்கும் மருந்தை அவரே விட்டார். வளையத்தின் இறுக்கத்தைக் காட்டும் திரையில் கோடு ஏற ஏற என் நெஞ்சை இளைப்பின் அந்தப் பழைய கை பிடித்தது. நான் முதல் சீசாவிலிருந்து விட்டேன். கோடு அசையவில்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. இரண்டாவதிலிருந்து விட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோடு இறங்கியது, என் இளைப்பு விடும் அதே நிதானத்தில். எனக்குள் மட்டுமே நடப்பதாக நினைத்திருந்ததை வெளியே, கண்ணெதிரே பார்த்தேன்.

"ரெண்டாவதுதாம்பா உன்னோடது," என்றார் கைடு.

என் கணவர் சிரிக்கக்கூட இல்லை. வளையத்தைப் புது நீரில் கழுவினார். "அதுவாவே தளர்ந்திருக்கலாம் சார். சீசாவை மாத்தி வைங்க, இன்னொரு தடவை பாத்துடுவோம்."

மறுபடியும் ஏறியது. மருந்துச் சீசாவுக்கே மறுபடியும் இறங்கியது. தலைப்பை மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு கைடு மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வெளியே போனார்.

வீட்டுக்குப் போகலாமா என்றேன். வாயுவை நிறுத்தத் திருகில் வைத்த கையை அவர் எடுத்துக்கொண்டார்.

"இரு விசில். இன்னும் உயிரோட இருக்கு. தானா அடங்கட்டும்."

குழாய்க்கு ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தோம். உடலில்லாமல், மூச்சுவிட யாருமில்லாமல், அந்த வளையம் அவ்வப்போது லேசாக இறுகித் தளர்ந்தது.